வயிற்றுக்குள் ஓர் ஆந்தை

அமிலம்தான்... தொண்டை இல்லை, மூச்சுக்குழாய் இல்லை, இப்போதைக்கு அமிலம்தான் கவலை, வயிற்றில் சுரக்கிற அமிலம் ஆணியையே அரிக்கும் என்று எப்போதோ பள்ளிக்கூடத்தில் படித்தது, ஆணிக்கே அந்தக் கதி என்றால் இரண்டாயிரத்து நானூறு வருடமாக ஒரு வெள்ளிக்காசின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய கறுப்பு என்ன ஆகும், மண்ணுக்கடியில் கிடந்து, பானைக்குள் கிடந்து, யார் யார் பெட்டியிலோ கிடந்து சம்பாதித்த கறுப்பு, அதைத் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, பழங்காசு சேர்ப்பவர்கள் அதன் மேல் மூச்சைக்கூடப் பலமாக விடமாட்டார்கள், அப்பேர்ப்பட்டதை அவர் கொண்டுபோய்... எட்டேகாலுக்கு உள்ளே போனது, இப்போது பத்து ஐம்பது, ஆக இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம், போதாததற்குக் காலையில் எலுமிச்சைச் சாறு வேறு குடித்துத் தொலைத்திருந்தார், எலுமிச்சை வெள்ளியை என்ன செய்யும், பளபளவென்று ஆக்கிவிடும், கடையில் நேற்று வாங்கிய கரண்டி மாதிரி ஆக்கிவிடும். டாக்டர் தோளில் தட்டி, "பயப்படாதீங்க சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றபோது, "அப்ப அதுக்கு?" என்று வாய்வரை வந்தது, நல்லவேளை உதட்டைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல்கடை, பாதி வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவள், கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

யாராவது கேட்டால் என்ன சொல்வது, ஐம்பத்திரண்டு வயது மனிதன், அரசாங்க உத்தியோகம், காசை எதற்கு வாயில் போட்டுக்கொண்டாய் என்றால்... ஏதென்ஸ் நகரத்து ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள் என்றா சொல்ல முடியும்? ஆனால் உண்மை அதுதானே, அவர்கள் உடுப்பில் பை கிடையாது, சில்லறையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள், மீன்காரனிடம் பேரம் பேசுவார்கள், பேசி முடித்து எச்சிலோடு எடுத்துக் கொடுப்பார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு சந்தேகம், கன்னத்தில் காசை வைத்துக்கொண்டு எப்படிப் பேரம் பேசினார்கள், வார்த்தை குழறாதா, காசு பல்லில் தட்டாதா? ஒருநாள் செய்துதான் பார்ப்போமே என்று ஆரம்பித்தது. குளியலறைக் கண்ணாடி, கதவுக்குத் தாழ்ப்பாள், குழாயைத் திறந்துவிட்டால் சத்தம் வெளியே கேட்காது. காசுக்கு ஓபோல் என்று பெயர், சட்டைப் பட்டனைவிடச் சின்னது, ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட தேவி, மறுபக்கம் முழி பிதுங்கப் பார்க்கும் ஓர் ஆந்தை, எடை பூஜ்யம் புள்ளி ஆறு எட்டு கிராம். இடது கன்னத்தில் வைத்தால் சரியாக வராது, வலது கன்னத்தில் கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்தால் அம்சமாக உட்காரும். மூன்று வாரத்தில் அவர் தேறிவிட்டார், 'இந்த மீன் நேத்துப் பிடிச்சது, விலையைக் குறை' என்று முழு வாக்கியம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லும் அளவுக்கு. இன்று காலையும் மீன்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கதவைத் தட்டி, "உள்ள யாரோட பேசறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார். அந்த 'ஒண்'ணிலேயே காசு நழுவிவிட்டது, 'இல்ல' வருவதற்குள் உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் கதவைத் திறந்தது, கண்ணில் நீர் முட்ட நின்றது, அவள் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தியது, எல்லாம் சரி, அது இயற்கை. "என்னத்த முழுங்கினீங்க, சொல்லித் தொலைங்க" என்று அவள் பதறியபோது அவர் வாயில் வந்த பதில்தான் அநியாயம். "பட்டன்." எவனாவது தையல்காரியிடம் போய்ப் பட்டன் என்று பொய் சொல்வானா? உலகத்தில் எத்தனை சின்னச் சாமான் இருக்கிறது, மாத்திரை, பல்செட்டு, பேனா மூடி... அவள் ஒரு கணம் குத்துவதை நிறுத்தினாள். அவர் போட்டிருந்த சட்டையை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள், ஏழு பட்டனும் சிப்பாய்களைப் போல நின்றன. "எந்தச் சட்டைப் பட்டன்?" "வேற சட்டை." "ரெண்டு ஓட்டையா, நாலு ஓட்டையா?" சாகக் கிடக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது... "நாலு" என்றார். "பட்டன் பிஞ்சா என்கிட்ட குடுக்க வேண்டியதுதானே, வாயிலயா வச்சுக்குவாங்க?" என்றாள் இருபத்தைந்து வருடமாகக் குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொண்டே போனில் பேசுகிற, வாடிக்கையாளரை அதட்டுகிற, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அவள். ஒன்று, ஒரே ஒரு குண்டூசி இதுவரை உள்ளே போனதில்லை. அந்த ஏதென்ஸ் சந்தையில் விட்டிருந்தால் அவள் பத்துக் காசை வாயில் வைத்துக்கொண்டு மீன்காரனை அழவைத்திருப்பாள், அவருக்கு அது அப்போதே தோன்றியது, முதுகில் அடி விழுந்துகொண்டிருந்தபோதே, பொறாமையாகக்கூட இருந்தது.

டாக்டரிடம்தான் மாட்டிக்கொள்ள இருந்தார். "பிளாஸ்டிக் பட்டன்னா எக்ஸ்ரேல தெரியாது, எடுத்தும் பிரயோஜனம் இல்ல" என்று டாக்டர் சொல்ல, அப்பாடா, படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பேசாமல் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தனியாகச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவர் எழுந்தே விட்டார். "இல்ல டாக்டர், அது மெட்டல் பட்டன்" என்றாள் மனைவி. அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? அவர் சட்டை ஒவ்வொன்றையும் தைத்தவள் அவள், ஒன்றில்கூட உலோகப் பட்டன் கிடையாது என்பது அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருவேளை பதற்றமாக இருக்கும், பதற்றத்தில் யாருக்கும் குழம்பும்தான், பாவம். அவளைப் பார்த்தால் பதற்றப்பட்டவள் மாதிரி இல்லை. மடியில் வைத்த கைப்பையின் பிய்ந்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு, தைக்க எத்தனை அங்குலம் நூல் தேவைப்படும் என்று யோசிப்பவள் மாதிரி இருந்தாள்.

உயரம் எடை பார்க்கவேண்டும் என்று நர்ஸ் கூப்பிட்டு ஒரு மெஷின்மேல் ஏற்றினாள். எழுபத்தொன்று புள்ளி மூன்று. ஏறுவதற்கு முன்னால் பூஜ்யத்துக்கு வரவில்லை அந்த மெஷின், நானூறு கிராம் காட்டிக்கொண்டு நின்றது, பக்கவாட்டில் ஒட்டிய முத்திரை காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிறது, வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே சீல் வைத்திருப்பார். தராசு ஆபீசர் என்றால் கடைத்தெருவே எழுந்து நிற்கும். மரப்பெட்டியில் தரமான எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு அவர் கடைகடையாகப் போய் ஒவ்வொரு தராசையும் சோதிப்பார், ஐந்து கிராம் குறைந்தாலும் விடமாட்டார், 'தவறு சிறிசா பெரிசாங்கறது எனக்கு முக்கியம் இல்ல, தவறா இல்லையாங்கறதுதான் முக்கியம்' என்பார், அந்த வாக்கியத்துக்கு அவர் குரலே தனி. அந்த வாக்கியத்தைச் சொல்கிற அதே வாய்தான்... சரி, வாய் பேச்சை விடுவோம். ஆக எழுபத்தொன்று புள்ளி மூன்றில் நானூறு கிராம் கழிக்கவேண்டும், அதில் பூஜ்யம் புள்ளி ஆறு எட்டும் கழித்தால் அவருடைய நிகர எடை வரும். உறையைச் சேர்த்து நிறுத்தால் குற்றம் என்று எத்தனை கடைக்காரர்களிடம் கத்தியிருப்பார், இன்றைக்கு அவரே உறை, உள்ளே சரக்கு.

இனிப் பழங்காசு வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்து ஐந்து வருடம் ஆகிறது. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது, தபால் நிலையத்தில் ஒரு பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார், பெரிய காசு, நாலு குதிரை பூட்டிய தேர், வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும் பொறுமை இல்லை, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குதிரைகளின் கால்களை எண்ண ஆரம்பித்தார், பதினாறு கால் இருக்கவேண்டும், பதினைந்துதான் தெரிந்தது, அந்தப் பதினாறாவது காலைத் தேடி முடித்துத் தலைதூக்கியபோது மணி ஐந்தரை. மகளை மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து அழைத்து வரவேண்டியவர் அவர். மழை. காவல்காரருடைய குடையில் பாதிக்குள் நின்றுகொண்டிருந்தது பத்து வயதுக் குழந்தை, அழவில்லை, "அப்பா, நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றது, அவ்வளவுதான். மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை, பதினோரு நாள் பேசவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காசுப் பெட்டியை அவள் தையல் மெஷின்மேல் கொண்டுபோய் வைத்து, "இனிமே ஒரு காசுகூட வாங்கமாட்டேன்" என்றார். அதற்கு அவள் ஏதோ பதில் சொன்னாள், என்னவோ சொன்னாள்... அவருக்கு நினைவிருப்பது அவர் சொன்னதுதான், எவ்வளவு கம்பீரமாகச் சொன்னார், குரல் உடைந்ததுகூட நன்றாக அமைந்தது.

சத்தியம் பெரிய காசுகளைப் பற்றியது என்று ஆறே மாதத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. சின்னக் காசு காசில் சேர்த்தியா, தும்மினால் பறந்துபோகும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மழை வருவது தெரியாமல் போகுமா? எல்லாம் ஆபீஸ் விலாசத்துக்கு வரும். அனுப்புகிறவரை அவர் பார்த்ததே இல்லை, உறையில் ஆந்தை முத்திரை போட்டு அனுப்புவதால் மனசுக்குள் ஆந்தைக்காரர் என்று பெயர். வந்ததைத் தொண்டை மாத்திரை டப்பாவுக்குள் வைத்து, இருமல் வந்தவர் மாதிரி நாலு தரம் இருமிவிட்டுத் திறந்து பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் தபால்தலை அளவில் ஒரு சீட்டு, எடை, விட்டம், யாரிடமிருந்து எப்படி வந்தது என்று, பழங்காசுக்காரர்களுக்குக் காசு எவ்வளவு முக்கியமோ அது கைமாறி வந்த கதையும் அவ்வளவு முக்கியம். அப்படி டப்பாவில் பதினாறு. பிறகு எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் எண்ணிப் பார்த்தால் பதினேழு. வாங்கிய ஞாபகமே இல்லை, இதே ஆந்தை, இன்று வயிற்றில் இருக்கிற இதே ஆந்தை. ஞாபக மறதியா, வயசாகிவிட்டதா, அல்லது ஆந்தைக்காரர் தவறுதலாக ஒரு உறையில் இரண்டு போட்டுவிட்டாரா? எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் திருப்பிக் கொடுக்க நேரிடும். ஐந்து கிராமுக்குக் கடையைப் பூட்டுகிறவர், பூஜ்யம் புள்ளி ஆறு எட்டைப் பேசாமல் அமுக்கிக்கொண்டார். அதோடு விட்டாரா, சீட்டு காலியாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், 'மழை பெய்த ஒரு மாலையில், நீண்ட பேரத்துக்குப் பின், நானே வாங்கியது' என்று பொடி எழுத்தில் எழுதியும் வைத்தார். எழுதி இரண்டு வாரத்தில் அந்த மழை அவருக்கு நன்றாகவே ஞாபகம் வந்துவிட்டது, குடை கொண்டுபோகாததுகூட.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை நினைக்கவே வேண்டாம் என்று பார்த்தார், முடியவில்லை... "ரெண்டு மூணு நாள்ல தானா வெளிய வந்துடும், கவனிச்சுக்கிட்டே இருங்க" என்று டாக்டர் சொன்னாரே, வந்ததும்? கழுவக் கூடாது. பழங்காசைக் கழுவுகிறவன் முட்டாள், சோப்பில் கழுவுகிறவன் கொலைகாரன், இதை அவரே ஒரு கடிதத்தில் ஆந்தைக்காரருக்கு எழுதியிருக்கிறார். கழுவாமல் எப்படி? வெறும் தண்ணீர் காட்டலாமா, ஓடுகிற தண்ணீரா நிற்கிற தண்ணீரா, தண்ணீர் போதுமா... சீட்டில் என்னவென்று எழுதுவது, கைமாறி வந்த கதையில் இந்தக் கட்டத்துக்கு என்ன பெயர்? கையே மாறவில்லையே.

"உள்ள வாங்க சார்" என்றாள் எக்ஸ்ரேப் பெண். இளம்பெண், மனப்பாடமான கட்டளைகளை ஒரே மூச்சில் ஒப்பித்தாள், சட்டையைக் கழற்றுங்க, வாட்ச், மோதிரம், பெல்ட், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. இருப்பதால்தானே அம்மா வந்திருக்கிறேன். குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றார், மூச்சை இழுத்துப் பிடிங்க, பிடித்தார், விடுங்க, விட்டார், படுங்க, படுத்தார். ஒரு பக்கம் பயம், மறுபக்கம்... சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் ஆசையாக இருந்தது, ஒரு காசை எக்ஸ்ரேயில் பார்த்தவர்கள் எத்தனை பேர், உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி பூசிய கள்ளக் காசா என்று அந்தக் காலத்திலேயே உளியால் வெட்டிப் பார்ப்பார்கள், இவருக்கு வெட்டாமலே...

திரையில் விலா எலும்புகள் சாம்பல் நிறத்தில் வந்தன, அதற்குக் கீழே இடது பக்கம், வெள்ளைவெளேரென்று ஒரு பொட்டு. முழு வட்டம் இல்லை, ஓரம் லேசாகச் சப்பையாக இருந்தது, கையால் அடித்த காசு அப்படித்தான் இருக்கும், அதுதான் அழகு, அவர் சட்டையைப் போட்டுக்கொள்ள மறந்து திரையின் மேல் சாய்ந்தேவிட்டார். "கொஞ்சம் பெரிசாக்க முடியுமாம்மா? நடுவுல வேற நிறமா தெரியுதா, இல்ல ஒரே வெள்ளையா இருக்கா?" மனைவி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை, அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். எக்ஸ்ரேப் பெண் கண்ணைச் சுருக்கி, "பட்டன்னு எழுதியிருக்கு... ஓட்டையே காணோமே மேடம்" என்றாள். அவர் அவசரமாகச் சட்டையைத் தேடினார். தேய்ந்துபோன பட்டன் என்று சொல்லலாமா, ஓட்டை அடைத்துப்போய்விட்டது என்று...

"ஓட்டை இருக்காதும்மா" என்றாள் மனைவி, சாதாரணமாக, துணியின் அகலத்தைச் சொல்கிற குரலில். "ஆந்தை எந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்குன்னு தெரியுமா?"

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர், அவள் மடியில் அவருடைய வயிற்றின் படம் உறைக்குள் இருந்தது. எட்டு நிறுத்தத்தில் ஐந்து நிறுத்தம் மௌனமாகவே போனது, பதினோரு நாளை ஐந்து நிறுத்தத்தில் சுருக்கிவிட்டாள் போல என்று அவர் நினைத்தபோது அவளே ஆரம்பித்தாள். "ரெண்டு வருஷமா உங்களுக்கு இருமலே வரல. டப்பா திறக்கறதுக்கு மட்டும் இருமல் வருது." அவர் அசடு வழியச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "தெரிஞ்சு ஏன் கேக்கல?" என்றார். "கேட்டா ஒண்ணுமில்லம்பீங்க." ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "பதினாறு வாங்குனீங்க. பதினேழாவது நான் போட்டது. உங்க சட்டைப்பையில கிடந்த உறையில இருந்த விலாசத்துக்கு நானே எழுதி, இருக்கறதுலயே சின்னதா ஒரு ஆந்தை அனுப்புங்கன்னு கேட்டு வாங்குனேன். ஒண்ணு கூடுதலா இருக்கே, நீயா வச்சேன்னு வந்து கேப்பீங்கன்னு பாத்தேன். எட்டு மாசம்." கொஞ்சம் நிறுத்தி, "மழை பெஞ்ச சாயங்காலமாம். நீண்ட பேரமாம்" என்றாள், அவள் உதட்டோரம் துடித்தது கோபத்திலா சிரிப்பிலா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை, பத்து மில்லிகிராம் வித்தியாசத்தைக் கண்ணாலேயே சொல்கிறவரால்.

அப்போதுதான் வந்தது ஞாபகம், அந்தப் பன்னிரண்டாம் நாள் அவள் சொன்ன பதில், ஐந்து வருடமாக எங்கேயோ போட்டு வைத்திருந்தது. "வாங்குங்க, வாங்காமப் போங்க. எனக்குத் தெரியாம மட்டும் வேணாம்" என்றாள், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். வாங்காதே என்று அவள் சொல்லவே இல்லை, சத்தியத்தை அவராகத்தான் செய்தார், அவராகத்தான் மீறினார், அவளுடைய பேச்சில் அது இரண்டுமே இல்லை. சொல்லிவிட்டு வாங்கியிருக்கலாம், டப்பாவே தேவைப்பட்டிருக்காது, இருமியிருக்கவும் வேண்டாம்... அப்படியானால் அந்தப் பதினேழாவது என்ன, பரிசா? பொறியா? ஆசையாக வாங்கி வைத்தாளா, பார்க்கலாம் என்று வைத்தாளா? சீட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதவேண்டும், மனைவியிடமிருந்து என்று எழுதலாம், ஆனால் எப்படி வந்தது என்ற இடத்தில் என்ன எழுதுவது? இந்த முறை கற்பனையாக மழையைப் பெய்யவிட முடியாது, அவளைக் கேட்டுத்தான் எழுதவேண்டும்.

கேட்டுவிடலாம், ஒரே கேள்வி, வாயில் இப்போது காசு இல்லை, கன்னத்தை இறுக்க வேண்டியதில்லை, குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. அவர் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள், காத்திருக்கிற பார்வை, எட்டு மாதமாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் போலிருக்கிறது, அவர்தான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். "என்ன?" என்றாள். 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல நாக்கு தானாகவே மேலே எழுவது அவருக்குத் தெரிந்தது, காலையில் காசைத் தள்ளிவிட்டதும் இதே வார்த்தைதானே... கஷ்டப்பட்டு அந்த வார்த்தையை முழுங்கினார், காசைவிடப் பெரிதாக இருந்தது, வீடு வர இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது.